யூ-டர்னில் வண்டி ஏன் சாய்கிறது? பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்

அண்ணா, புது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் ஓட்டுகிறேன். நேராகப் போனால் பிரச்சினையே இல்லை. எங்கள் தெருவில் திருப்பும்போது மட்டும் கீழே போட்டுவிடுகிறேன். நான் குள்ளம் என்பதாலா? (அல்சூர்)

உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தம்பி. அது 195 கிலோ வண்டி. சாயத் தொடங்கிவிட்டால் ஆறடி ஆளாலும் காலை ஊன்றித் தாங்க முடியாது. மெதுவாகத் திரும்பும்போது வண்டியை விழாமல் வைத்திருப்பது என்ஜினின் இழுவைதான். பாதி வளைவில் பயம் வந்ததும் கிளட்சை முழுசாகப் பிடித்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இழுவை போனதும் வண்டி உள்பக்கம் சரியும். பதற்றத்தில் கை முன் பிரேக்குக்கும் போனால் கேட்கவே வேண்டாம். ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி நேராகத் தரைக்குப் போகும்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். ஃபர்ஸ்ட் கியரில், ரேஸை லேசாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வையுங்கள். கிளட்சை விட்டுக்கொண்டே வந்தால் வண்டி நகரப் பார்க்கும் ஓர் இடம் வரும். விரல்கள் அங்கேயே நிற்கட்டும். வேகம் கூடினால் வலது காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்துங்கள். முன்னால் என்ஜின் இழுக்க, பின்னால் பிரேக் பிடிக்க, கயிறு தொய்யாமல் மாட்டைப் பிடித்து நடத்துகிற மாதிரி வண்டி கைக்குள் நிற்கும்.

அப்புறம் தலை. கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது, தாடை தோளுக்கு நேராக வரும் அளவுக்குத் திரும்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். முன் டயருக்கு முன்னால் உள்ள பள்ளத்தையே பார்த்தால் அதில்தான் இறங்குவீர்கள். வண்டி உள்பக்கம் சாயட்டும், உங்கள் உடம்பு கொஞ்சம் வெளிப்பக்கம் இருக்கட்டும். வேகமான வளைவில் செய்வதற்கு இது நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான மைதானத்தில் இரண்டு தண்ணீர் பாட்டிலை வைத்து, முதலில் அகலமாக எட்டு போடுங்கள். பிறகு பாட்டில்களை மெல்ல நெருக்குங்கள்.

அப்படிப் பாதி கிளட்சிலேயே ஓட்டினால் கிளட்ச் பிளேட் எரிந்துவிடாதா சார்? (ஸ்ரீராம்புரம்)

அது கார் ஓட்டுகிறவர்கள் கொடுத்த பயம். காரில் கிளட்ச் பிளேட் பெரும்பாலும் உலர்ந்தது. நம்மூர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அது என்ஜின் ஆயிலிலேயே நனைந்து இருக்கும். திரும்ப ஆகும் சில நொடியில் ஒன்றும் ஆகாது. சில்க் போர்டு நெரிசலில் மணிக்கணக்காகப் பாதி கிளட்சிலேயே ஊர்ந்தால்தான் தேயும்.

என்னிடம் ஆக்டிவா. கிளட்சே கிடையாது, நான் என்ன செய்வது? (ஃப்ரேசர் டவுன்)

கிளட்ச் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். ரேஸை முழுசாக விட்டால் அது தானாக விலகிக்கொள்ளும், இழுவை போய்விடும். அதனால் வலது கையில் துளி ரேஸ் இருக்கட்டும், இடது கை பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். இப்போதைய பல ஸ்கூட்டர்களில் இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும், ஆகவே விரலால் வருடுகிற அளவு போதும். காலைத் தரையில் உரசிக்கொண்டே திருப்பும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். கால் மடங்கி கணுக்கால் போகும்.

ஏபிஎஸ் இருந்தால் விழாது என்கிறார்களே? (சிவாஜி நகர்)

விழும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்ப்பதுதான் ஏபிஎஸ் வேலை. நடக்கிற வேகத்தில் அது பெரும்பாலும் விழித்துக்கொள்ளவே செய்யாது.

அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வருவார். சி.எம்.எச். ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே யூ-டர்ன் போட பயமாக இருக்கிறது. (இந்திரா நகர்)

பயம் நியாயமானதுதான். ஒருபக்கமாக உட்கார்ந்தால் எடை இடப்பக்கம் இழுக்கும், நீங்களோ வலப்பக்கம் திருப்புகிறீர்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் பாதிச் சிரமம் தீரும். இல்லையென்றால் உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது 'பார்த்து, பார்த்து' என்று எட்டிப் பார்க்கிற அம்மாதான் ஆபத்து.

தூண் மறைக்கிற இடத்தில், எதிரில் வருவது முழுசாகத் தெரியும்வரை நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். கிளம்பும்போதே ஹாண்டிலைக் கடைசிவரை திருப்பாதீர்கள். ஓரடி நேராக நகர்ந்து, இழுவை கிடைத்ததும் திருப்புங்கள். மே மாத மழையில் குல்மோகர் இதழ்கள் தரையெல்லாம் ஒட்டிக் கிடக்கும், அதன்மேல் சாய்க்கவே வேண்டாம். ரொம்ப நெருக்கடியான இடமென்றால் அம்மாவை இறக்கிவிட்டு, திருப்பிக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்ளுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சரிவில் நடுவே நின்றுவிட்டால்? (வைட்ஃபீல்ட்)

முன்னால் கார் ஏறிக்கொண்டிருந்தால் கீழேயே காத்திருங்கள். சரிவுக்கு முன்பே ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். நின்றுவிட்டால் பின் பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டு இடது காலை ஊன்றுங்கள். கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கிய பிறகே பிரேக்கை விடுங்கள். அப்படியும் வண்டி சாய்ந்துவிட்டால் பிடித்து இழுக்காமல் விட்டுவிட்டு விலகுங்கள். இண்டிகேட்டர் போனால் வாங்கிக்கொள்ளலாம்.