பம்பில் கேனில் பெட்ரோல் தர மறுக்கிறார்கள். சட்டப்படி வாங்க வழி உண்டா?

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு, புல் வெட்ட பிரஷ் கட்டர், ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனோடு போனால் பம்பில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கில் ஊற்ற மறுத்தது சரி. "கேனில் தரவே கூடாது" என்று சொல்லியிருந்தால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் 8-வது பிரிவின்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை மொத்தம் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம், கொண்டும் போகலாம். ஆனால் இறுக மூடிய கண்ணாடி, கல்ஜாடி அல்லது உலோகப் பாத்திரத்தில்தான். கண்ணாடியும் கல்ஜாடியும் 1 லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் 25 லிட்டர் வரை போகலாம். அந்த வரியில் பிளாஸ்டிக் இல்லவே இல்லை. 10 லிட்டரோ அதற்கு மேலோ பிடிக்கும் டின் என்றால் வெளியே 'பெட்ரோல்' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். டீசல் வேறு வகுப்பு: 7-வது பிரிவில் 2500 லிட்டர் வரை லைசென்ஸ் வேண்டாம். பம்புசெட்டுக்கு டீசல் வாங்குகிறவர்களையும் இதே பேச்சைச் சொல்லி அனுப்புவது அநியாயம்.

"எங்க ஊர்ல தண்ணி பாட்டில்லயே ஊத்தித் தர்றாங்களே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். தருகிறார்கள், தெரியும். 2023 ஏப்ரல் 2 அன்று கோழிக்கோடு பக்கம் எலத்தூரில் ஓடும் ரயிலில் ஒருவன் பயணிகள்மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தானே, அதற்குப் பிறகு கேரளத்தில் கெடுபிடி கூடிவிட்டது. ஊற்றித் தருகிற பையனின் வேலையும் முதலாளியின் லைசென்ஸும் போகலாம்.

பிளாஸ்டிக் ஏன் கூடாது? நாசிலிலிருந்து விழும் பெட்ரோல் உராய்வில் நிலைமின்சாரம் ஏற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அது இறங்க வழியில்லை. நாசில் வாயருகே வரும்போது ஒரு பொறி பறந்தால் போதும், அங்கே ஆவி தயாராக நிற்கிறது. இரும்பு டின்னைத் தரையில் வைத்தால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். அதே டின்னை வண்டி சீட்டிலோ, ரப்பர் பாய் விரித்த பிக்கப் பின்பக்கத்திலோ வைத்து நிரப்பினால் பிளாஸ்டிக்கில் ஊற்றுவதும் அதுவும் ஒன்றுதான்.

வாங்க வேண்டியது ரப்பர் வாஷரோடு மூடி இறுகும் இரும்பு ஜெர்ரிகேன். பால் கேன் வேண்டாம், மூடி வழியே ஆவி கசியும். சமையல் எண்ணெய் டின்னுக்குச் சரியான மூடியே கிடையாது. கான்கிரீட் தரையில் வைத்து, நாசிலின் உலோக மூக்கு டின் வாயைத் தொட்டபடியே இருக்க, மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு வரை வேண்டாம், 5 சதவீதமாவது காலி விடுங்கள். 20 லிட்டர் பெட்ரோல் 25 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை லிட்டர் பெருகும், பாலக்காட்டு மார்ச் வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் அந்தச் சூடு சாதாரணம். மூடியதும் ஒருதரம் சாய்த்துப் பார்த்துக் கசிவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நிமிர்த்தியே கொண்டுபோங்கள். வீட்டில் திறக்கும்போது மூடியை முதலில் கால் சுற்று மட்டும் திருப்பி, 'புஸ்' அடங்கிய பிறகு முழுக்கத் திறக்க வேண்டும்.

பஸ்ஸில் ஏற்றாதீர்கள். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் கொண்டுவரலாம் என்ற நினைப்பே வேண்டாம்: ரயில்வே சட்டம் 164-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் வரலாம்.

விலை குறைவு என்று தமிழ்நாட்டுப் பக்கம் போய் மொத்தமாக வாங்கி வைப்பதும் பிரஷ் கட்டருக்கு ஆகாது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பாதி காலியான டின்னில் மழைக்கால ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும், எஞ்சினுக்காகப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்குக்குள் இருக்கும் டியூப் அடியிலிருந்துதான் இழுக்கிறது. ஆயிலே இல்லாத சரக்கு எஞ்சினுக்குள் போய் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 5 லிட்டருக்கு மேல் வாங்காமல், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பெட்ரோல்-ஆயில் கலப்பு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. எது என்பதை மெஷினோடு வந்த புத்தகத்தில் பாருங்கள், கடைக்காரர் சொல்வதை வைத்து ஊற்றாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லியே ஆக வேண்டும். பம்பில் ஆயில் விற்கிறார்கள், காருக்கு வாசனை டப்பா விற்கிறார்கள். ஐந்து லிட்டர் இரும்பு கேன் மட்டும் வைப்பதில்லை. தோப்புக்காரர்கள் தினமும் வந்து கேட்கிற ஊரில், "டின் கொண்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவாவது பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். "இல்லை, போங்க" என்று விரட்டுவதால்தான் ஆட்கள் பைக் டேங்கில் நிரப்பி, வீட்டுத் திண்ணையில் டியூப் போட்டு வாயால் உறிஞ்சி பாட்டிலுக்கு மாற்றுகிறார்கள். பம்பில் பாட்டிலில் ஊற்றுவதைவிட இது மோசம். அதை நீங்கள் செய்யாதீர்கள்.