வேலூரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. பிறகு ஏன் வேலூரில் மட்டும் வெயிலும் குளிரும் அதிகம்?

பிறந்து வளர்ந்தது வேலூர், இப்போது பதினொரு வருடமாகத் திருவான்மியூர். வேலூரில் மே மாதம் ராத்திரி எட்டு மணிக்குக்கூட மொட்டை மாடித் தரை சுடும். மார்கழி விடியலில் ஸ்வெட்டர் போடாமல் பால் வாங்கப் போக மாட்டோம். சென்னை வந்தபின் அந்த ஸ்வெட்டர் பெட்டியிலேயே கிடக்கிறது.

எல்லாம் கடல் செய்கிற வேலை. மதியம் ஒரு மணிக்குக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். காய்ந்த மணலில் நாலு எட்டு வைப்பதற்குள் கால் பொசுங்கும், ஓடிப்போய் அலையில் நின்றால் இதமாக இருக்கும். இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில்தான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். காய்ந்த மணலுக்குச் சுமார் 0.8 போதும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்திருப்பதால், வருகிற வெப்பத்தில் நல்ல பங்கு அந்தப் பிடியைத் தளர்த்தவே போய்விடுகிறது.

பள்ளியில் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஆழம். மணலை ஒரு சாண் தோண்டினாலே சூடு குறைந்துவிடும். கடலிலோ வெளிச்சம் பல மீட்டர் உள்ளே இறங்குகிறது, காற்றும் அலையும் சூட்டைக் கலக்கி இன்னும் கீழே கொண்டுபோகின்றன. அப்புறம், ஒரு கிலோ நீர் ஆவியாகப் போகும்போது சுமார் 2,400 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் மே மாதத்திலும் வங்கக் கடலின் மேல்பரப்பு 30 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

சரி, கடல் அப்படி இருந்தால் ஊருக்கு என்ன? நண்பகலில் தரைமேல் காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்துக்குக் கடற்காற்று வருகிறது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கிழக்கு ஜன்னல் திரை அசையும். அதோடு அன்றைய வெயிலின் ஏற்றம் நின்றுவிடும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்திருக்கும் நாளில் திரை மூன்று மணி வரை அசையாது. அன்று சென்னையும் 40-ஐத் தாண்டிவிடும். வேலூர் கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருப்பதால், உச்சி வெயிலில் அந்தக் காற்று அங்கே போய்ச் சேர்வதில்லை. குளிர்காலத்தில் கடல் மெதுவாகத்தான் ஆறும் என்பதால் சென்னையின் இரவுகள் கதகதப்பாகவே இருக்கின்றன.

இதற்கு நாம் கொடுக்கும் விலை புழுக்கம். கடற்காற்றோடு ஈரமும் வருகிறது, வியர்வை காய்வதில்லை. சென்னைக்கு வரும்போதெல்லாம் அம்மா சொல்வது, “நம்ம ஊர் வெயிலே தேவலாம்ப்பா, புடவை உடம்போட ஒட்டாது.”