ஆசியானும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே மாதிரிதானா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்துக் கடையில் ஒரு தம்பி கேட்டான்: "ஐரோப்பாவுக்கு யூரோ இருக்கிறது, ஆசியானுக்கு ஏன் பொதுப் பணம் இல்லை?" ஆசியான் என்பது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு.

நாடுகள் தனித்தனியாக இருந்துகொண்டே சேர்ந்து வேலை செய்வது ஒத்துழைப்பு. சில அதிகாரங்களையே பொது அமைப்பிடம் ஒப்படைப்பது ஒருங்கிணைப்பு.

தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழா வந்தால் வீட்டுக்கு வீடு வெள்ளி போட்டு, சேர்ந்து பந்தல் கட்டுவோம். முடிந்ததும் அவரவர் வீட்டில் அவரவர் உலை. அது ஆசியான். ஐரோப்பியர்கள் பல விஷயங்களில் ஒரே அடுப்புக்கு வந்துவிட்டார்கள். மாமியார் மருமகள் சண்டையும் கூடவே வரும், அது வேறு கதை.

காரணம் வரலாறுதான். இரண்டு உலகப் போர்களில் மோதிய பிரான்சும் ஜெர்மனியும் வேறு நான்கு நாடுகளோடு சேர்ந்து, ஆயுதத்துக்கு வேண்டிய நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைக்க 1951-இல் ஒப்பந்தம் போட்டன. இன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் டிராம் ஏறி ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. அதே யூரோவில் காப்பி குடிக்கலாம். ஆனால் 1967-இல் ஆசியானைத் தொடங்கிய ஐந்து நாடுகளில், தாய்லாந்தைத் தவிர மற்றவை காலனி ஆட்சியிலிருந்து விடுபட்டு அதிக காலம் ஆகவில்லை. அப்போதுதான் கைக்கு வந்த அதிகாரத்தை யார் கொடுப்பார்கள்? அதனால் அடுத்தவர் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை. எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு.

அப்புறம், விசா இல்லாமல் தாய்லாந்தின் ஹாட்யாய் போகலாம் என்பதால் அங்கே வேலையும் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.