தூண்டும் ஏற்பிகளும் அடக்கும் ஏற்பிகளும்

கேள்வி: எனக்கு ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகுந்துவிட்டதே காரணம் என்கிறார் ஒருவர், குறைந்துவிட்டதே காரணம் என்கிறார் இன்னொருவர். எது சரி? அழற்சியைத் தூண்டும் ஏற்பிகளைப் போல அதை அடக்கும் ஏற்பிகளும் உடலில் உண்டா?

பதில்: இரண்டுமே சரியல்ல. எதிர்ப்பாற்றலை ஒரே அளவுகோலில் ஏறி இறங்கும் பொருளாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. "சக்தியைக் கூட்டுகிறோம்" என்ற விளம்பரங்களை நம்பி ஆஸ்துமா நோயாளிகள் ஏமாறுவதும் இதனால்தான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஏற்பி என்பது குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, அச்செய்தியைச் செல்லுக்குள் அனுப்பும் புரதம். மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் செல்களின் ஏற்பிகளில் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் வாரக்கணக்கில் அமர்ந்திருக்கும். அதனால் மட்டும் தீங்கில்லை. தூசிப்பூச்சியின் புரதமோ மகரந்தமோ வந்து அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇ மூலக்கூறுகளை ஒருசேரப் பிணைக்கும்போதுதான் ஏற்பிகள் விழித்துக்கொள்கின்றன; சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் வெளியேறிக் குழாய் சுருங்குகிறது. சில மணி நேரம் கழித்து இயோசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் திரண்டு வர, அழற்சி நீடிக்கிறது.

அடக்கும் ஏற்பிகள் நிச்சயமாக உண்டு. பேசோஃபில் என்னும் வெள்ளையணு போன்ற செல்களில் ஐஜிஜி என்னும் இன்னொரு வகை எதிர்ப்பொருளுக்கான ஏற்பி ஒன்று இருக்கிறது. ஒரே ஒவ்வாமைப் பொருளை ஐஜிஇயும் ஐஜிஜியும் சேர்ந்து பற்றினால், இந்த ஏற்பி தூண்டும் ஏற்பிக்கு அருகே இழுக்கப்பட்டு, உள்ளே செல்லும் செய்தியைத் தணித்துவிடுகிறது. லண்டனில் மருத்துவர் லியோனார்டு நூன் 1911-ல் வெளியிட்ட, புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசி மூலம் ஏற்றும் சிகிச்சை பலன் தருவதற்கு, ஐஜிஜி எதிர்ப்பொருள்கள் பெருகுவதும் ஒரு காரணம் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே விளங்கியது.

இன்னொரு வகை அடக்குமுறை எனக்கு மேலும் வியப்பூட்டுகிறது. மூச்சுக்குழாயின் உட்படலம் காயப்படும்போது இன்டர்லூக்கின்-33 என்னும் அபாயச் செய்தியை வெளியிடுகிறது. அதைப் பெறும் ஏற்பியின் ஒரு வடிவம் செல்லில் ஒட்டாமல் இரத்தத்தில் மிதந்தபடி, அந்தச் செய்தி செல்லை அடையும் முன்பே அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் நோயில் எதிர்ப்பாற்றல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தீங்கற்ற ஒரு பொருளைக் கண்டு தூண்டும் செய்திகள் எழ, அடக்கும் செய்திகள் அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகின்றன.

கேள்வி: அப்படியானால் ஏற்பிகளைத் தடுக்கும் ஊசி எல்லா நோயாளிகளுக்கும் போதுமா? இன்ஹேலரை விட்டுவிடலாமா?

பதில்: போதாது, விடவும் கூடாது. இயோசினோஃபில்களைப் பெருக்கும் செய்தியான இன்டர்லூக்கின்-5-ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் என்னும் ஊசி மருந்து தொடக்க ஆய்வுகளில் ஏமாற்றமளித்தது. இயோசினோஃபில் மிகுந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்து கொடுத்தபோது, தீவிரத் தாக்குதல்கள் குறைந்ததை 2009-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. டூபிலுமாப் என்னும் இன்னொரு ஊசி மருந்து தடுக்கும் ஏற்பியோ இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய இரண்டுக்கும் பொதுவானது. முன்னது ஐஜிஇ உற்பத்தியையும் பின்னது சளிப் பெருக்கத்தையும் தூண்டுபவை. யாருக்கு எந்தச் செய்தி ஓங்கியிருக்கிறது என்று பரிசோதித்தே மருத்துவர் ஊசியைத் தேர்வார். இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு செல்லுக்குள் இருக்கும் ஏற்பியோடு இணைந்து, அழற்சிப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் அடக்குகிறது. மருந்தை நிறுத்தினால் அவை மீண்டும் இயங்கத் தொடங்கும். எனவே மூச்சு சீரான நாள்களிலும், மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்த வேண்டாம்.