உப்பளத்து முகங்களுக்கு எந்தக் கேமரா?

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடியில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருமணப் படப்பிடிப்பு செய்து வருகிறேன். கையில் இருப்பது நிக்கான் இசட் 8. 24-70, 70-200 லென்ஸ்களும், முகப்படங்களுக்கு 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக, முகூர்த்தம் இல்லாத ஆடி மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களின் முகங்களைப் படமெடுக்கிறேன். இதுவரை பதினான்கு படங்கள் தேறியிருக்கின்றன. இருபது சேர்ந்ததும் எல்லாவற்றையும் 30க்கு 40 அங்குலத்தில் அச்சிட்டுக் கண்காட்சியாக வைக்க எண்ணியிருக்கிறேன்.

36க்கு 24 மி.மீ. சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் எடுத்த முகத்தை அவ்வளவு பெரிதாக்கினால் உயிர் போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதைவிடப் பெரிய சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மட்டுக்கென்றே ஒரு தோற்றம் உண்டு, இருப்பதை விற்றுவிட்டு ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் வாங்கிவிடு என்பது அவருடைய யோசனை. என்னோடு வேலைக்கு வரும் மைத்துனரோ, தொழிலுக்கே உலை வைத்துவிடாதீர்கள் என்கிறார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நண்பகல் வெயிலில் ஃப்ளாஷ் கொடுத்து எடுத்தால் பின்னணி வெளுத்துப்போகிறது அல்லது ஃப்ளாஷ் போதாமல் போகிறது. தாங்கள் வழி சொல்ல வேண்டும்.

மு., தூத்துக்குடி

அன்புள்ள மு.,

உங்கள் நண்பர் சொல்லும் அந்தத் தோற்றத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் கரைவது பெரும்பாலும் அந்தச் சொல்லில்தான். மீடியம் ஃபார்மட் என்ற பெயருக்கு இன்றும் இருக்கும் மதிப்பு ஃபிலிம் காலத்தில் சம்பாதித்தது. அன்று ஊர் ஸ்டுடியோக்களில் இருந்த இரட்டை லென்ஸ் கேமராவில் 120 ஃபிலிமைப் போட்டால் 56 மி.மீ. சதுர நெகட்டிவ் கிடைக்கும். அதன் பரப்பு, 36க்கு 24 மி.மீ. கொண்ட சிறிய நெகட்டிவைப்போல் மூன்றரை மடங்குக்கும் அதிகம். நான் வேலை பழகிய ஸ்டுடியோவில் அந்த நெகட்டிவைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் கன்னத்துத் தழும்பை மறைப்பார்கள். பென்சில் முனைக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு அதில் முகம் பெரிதாக இருக்கும். 35 மி.மீ. நெகட்டிவில் அதைச் செய்ய முடியாது.

இன்று ஜிஎஃப்எக்ஸ் வரிசையிலும் ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையிலும் இருக்கும் சென்சாரின் அளவு 43.8க்கு 32.9 மி.மீ. இது ஃபுல் ஃபிரேமின் பரப்பில் 1.67 மடங்குதான். சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறும்போது பரப்பு ஏறக்குறைய 2.35 மடங்கு கூடுகிறது. நீங்கள் தாண்ட நினைக்கும் படி அதைவிடச் சிறியது. பழைய 645 நெகட்டிவை (பெயரளவில் 6க்கு 4.5 செ.மீ.) நெருங்கும் சென்சாரும் உண்டு. கேமராவின் பின்புறம் மாட்டும் ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் 150 மெகாபிக்சல் டிஜிட்டல் முதுகில் அது இருக்கிறது, ஆனால் அதன் விலையைப் பேசுவது நம் இருவருக்குமே வீண்வேலை.

அந்த 1.67 மடங்கை ஒளிக் கணக்கில் சொன்னால் முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது). நிழல்பகுதியைத் தூக்கும்போது அந்த அளவுக்குத் துகள் குறையும். அதிலும், வெளிச்சம் கொட்டிக்கிடக்கும் உப்பளத்தில் உங்கள் இசட் 8-ஐ ஐஎஸ்ஓ 64-இல் வைக்க முடியும், 100எஸ்-இன் அடிப்படை ஐஎஸ்ஓவோ (ஒளியுணர்வின் இயல்பான கீழெல்லை) 100. ஒரே காட்சியை இரண்டிலும் அதனதன் அடிப்படை ஐஎஸ்ஓவில் எடுத்தால், சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் உங்கள் கேமராவில் கூடுதல் ஒளியை வாங்கிக்கொள்ளும். பரப்பால் கிடைத்த லாபத்தின் பெரும்பகுதி, கணக்குப்படி, அங்கேயே கழிந்துபோகிறது. 2024-இல் வந்த 100எஸ் 2-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 80 என்பதால் அதில் கொஞ்சம் மிஞ்சும்.

பின்னணி கரைந்து முகம் மட்டும் மிதக்கும் அந்த அழகு பெரிய சென்சாருக்கே உரியது என்பது இன்னொரு நம்பிக்கை. ஜிஎஃப்எக்ஸ்-இல் முகப்படத்துக்கென்று எல்லோரும் கைகாட்டும் 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 87 மி.மீ. எஃப்/1.6 ஆகிறது. உங்கள் பையில் இருக்கும் 85 எஃப்/1.8-க்கும் அதற்கும் உள்ள இடைவெளி மூன்றில் ஒரு ஸ்டாப். உங்களுடையது 470 கிராம், அது ஒரு கிலோவுக்குமேல். பின்னணியைக் கரைப்பதுதான் குறிக்கோள் என்றால், ஃபுல் ஃபிரேமுக்கு இருக்கும் 85 எஃப்/1.4, எஃப்/1.2 லென்ஸ்கள் அந்த 110-ஐயே மிஞ்சிவிடும். அப்படியே இருந்தாலும், நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய மூன்று படங்களிலும் முகத்துக்குப் பின்னால் உப்புக் குவியலும் அதை மூடிய ஓலையும் தெளிவாகத் தெரிவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அவற்றை எஃப்/8-இல் எடுத்திருக்கிறீர்கள்; எஃப் எண் கூடக் கூட லென்ஸின் திறப்பு சிறிதாகி, பின்னணி தெளிவாகும். எஃப்/8-இல் எடுப்பவருக்கு எஃப்/1.6 பற்றிய பேச்சு எதற்கு?

அப்படியானால் வேறுபாடே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் நீங்கள் செய்யப்போகும் அச்சில் இருக்கிறது. இசட் 8-இன் படம் 8256க்கு 5504 பிக்சல். அது 3:2 விகிதம். 30க்கு 40 அங்குலமோ 4:3 விகிதம். ஆகவே நீளவாக்கில் வெட்டியாக வேண்டும். வெட்டியபின் மிஞ்சுவது 40 மெகாபிக்சல் அளவு, அச்சில் அங்குலத்துக்கு 183 பிக்சல். ஜிஎஃப்எக்ஸ் 100எஸ்-இன் 11648க்கு 8736 பிக்சல் பிறப்பிலேயே 4:3 என்பதால் எதையும் வெட்ட வேண்டாம், அங்குலத்துக்கு 291 பிக்சல் கிடைக்கும். நல்ல பார்வை உள்ள கண் ஓர் அடி தூரத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகளைப் பிரித்தறியும், இரண்டடி தள்ளி நின்றால் அதில் பாதியைத்தான். ஆக, கண்காட்சியில் இரண்டடிக்கு அப்பால் நிற்பவருக்கு இரண்டு அச்சும் ஒன்றே. ஓர் அடிக்குள் குனிந்து பார்ப்பவருக்கு ஒன்றல்ல.

பொதுவாக ஓர் அடிக்குள் வந்து மூக்கை ஒட்டிக்கொண்டு படம் பார்ப்பவர்கள் நம்மைப் போன்ற கேமராக்காரர்கள்தான் என்று கேலி செய்வேன். உங்கள் படங்களின் விஷயத்தில் அந்தக் கேலி செல்லாது. இரண்டாவது படத்தில் இருக்கும் பெரியவரின் புருவமுடிகளுக்கு இடையில் உப்புத்தூள் ஒட்டியிருக்கிறது. கண்ணோரச் சுருக்கங்களில் வியர்வை வழிந்து காய்ந்த இடத்தில் வெண்ணிறக் கோடு ஓடுகிறது. அதைப் பார்த்தவர் யாரும் இரண்டடியில் நிற்க மாட்டார், அருகில் வந்தே தீருவார். அப்படி வந்தவருக்கு அந்த உப்பு தனித்தனி மணியாகத் தெரிய வேண்டுமா, வெண்மையான பூச்சாகத் தெரிந்தால் போதுமா என்பதுதான் உங்கள் முன் இருக்கும் கேள்வி. மணியாகத் தெரிய வேண்டும் என்றால் மீடியம் ஃபார்மட்டுக்கு நியாயம் இருக்கிறது. அந்தத் தோற்றம் என்று உங்கள் நண்பர் பெயர்வைத்து அழைப்பதும், பாதிக்குமேல், கூடுதலாகக் கிடைக்கும் இந்தப் பிக்சல்களையும் அந்த லென்ஸ்களின் தரத்தையும்தான் என்பது என் எண்ணம்.

ஃப்ளாஷ் சங்கதியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே 100எஸ் உங்களை இன்னும் மோசமான இடத்தில் நிறுத்திவிடும். ஐஎஸ்ஓ 100-இல், உச்சி வெயிலில், 1/125 நொடிக்கு எஃப்/16 என்பது நாம் எல்லோரும் படித்த பாடம். வெள்ளை வெளேரென்ற உப்புத் தரையில் அதை எஃப்/22 என்றே வைத்துக்கொள்ளலாம். ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் ஃப்ளாஷோடு இசையும் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/125, உங்கள் கேமராவில் 1/200 முதல் 1/250 வரை. எஃப்/16-இலும் எஃப்/22-இலும் முகத்தை நிரப்ப எவ்வளவு சக்தியுள்ள ஃப்ளாஷ் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் போட்டு எஃப்/5.6-க்கு வரலாம், ஆனால் அந்த ஃபில்டர் வெயிலைத் தடுக்கும் அதே அளவுக்கு ஃப்ளாஷையும் தடுத்துவிடுகிறது. அந்த வேக எல்லையைத் தாண்ட ஃப்ளாஷை விட்டுவிட்டு எரிக்கும் ஹை ஸ்பீட் சிங்கிலும் அதே கதைதான், ஷட்டர் வேகம் ஏற ஏற ஃப்ளாஷின் பயனும் இறங்கிக்கொண்டே போகும்.

இந்த முடிச்சு அவிழ்வது லீஃப் ஷட்டரில். ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, அது திறந்து மூடும் எல்லா வேகத்திலும் ஃப்ளாஷ் இசையும். 2016-இல் வந்த எக்ஸ்1டி-யிலேயே 1/2000 வரை போகலாம். 1/125-இலிருந்து 1/2000 என்பது நான்கு ஸ்டாப், ஆகவே எஃப்/22 வெயில் எஃப்/5.6-க்கு இறங்கிவிடுகிறது. வெயில் மட்டும்தான் இறங்குகிறது; கண நேரத்தில் வெட்டி மறையும் ஃப்ளாஷ் முழுதாக உள்ளே வந்துவிடுகிறது. பெரிய ஃப்ளாஷ்களை முழுச் சக்தியில் எரித்தால் அவற்றின் வெட்டு 1/2000 நொடியைவிட நீண்டுபோய் வால்பகுதி வெட்டுப்படும் என்பதால், பாதிச் சக்திக்குக் கீழே வைத்துப் பாருங்கள். எக்ஸ்1டி-யும் 2019-இல் வந்த எக்ஸ்1டி 2-உம் 50 மெகாபிக்சல்தான், ஃபோகஸ் ஆமை வேகம். ஆனால் பாத்தி வரப்பில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்துக்கு அந்த வேகம் தாராளமாகப் போதும்.

முகூர்த்தத்துக்கு அது போதாது, 100எஸ்-உம் போதாது என்பேன். நொடிக்கு ஐந்து படம், தாலி கட்டும்போது குறுக்கே நீளும் பத்துக் கைகள், மேடையில் துடிக்கும் எல்இடி விளக்குகள் என்று எண்ணிப் பாருங்கள். இந்தச் சென்சார்கள் மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க எடுக்கும் நேரம் அதிகம். சென்ற ஆண்டு ஒரு கொல்லுப்பட்டறையில் வாடகை 100எஸ்-ஐச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்துவிட்டு மறந்துபோனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கொல்லர் ஓங்கிய சம்மட்டியின் நேரான பிடி எல்லாப் படத்திலும் வில்லாக வளைந்திருந்தது. அவரிடம் மறுபடி போய் நிற்க வெட்கப்பட்டு, பிறகு போனேன். உப்பு வாரும் பலகை அசையும்போது உங்களுக்கும் இது நேரும், வாடகைக் கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் சுமையும் உண்டு. 16 பிட்டில் சுருக்காமல் சேமித்தால் ஒரு ரா கோப்பு 200 எம்பி அளவுக்கு வரும், ஒரு கல்யாணத்தில் 3000 படம் என்றால் 600 ஜிபி. உங்கள் கரிஷ்மா ஆல்பத்தின் 12க்கு 36 பக்கத்தில் அதன் பலன் ஒரு துளிகூடத் தெரியாது.

ஆகவே உங்கள் மைத்துனர் பக்கம்தான் நான். இசட் 8-ஐயும் லென்ஸ்களையும் விற்காதீர்கள். மீதி ஆறு முகங்களை எடுக்கும் வாரத்துக்கு மட்டும் ஒரு மீடியம் ஃபார்மட்டை வாடகைக்கு எடுங்கள். நண்பகல் ஃப்ளாஷ்தான் வேண்டும் என்றால் பழைய ஹாசல்பிளாட் எக்ஸ், காலை வெயில் போதும் என்றால் 100எஸ். வாங்குவதற்கு அவசரம் வேண்டாம். 2019-இல் முதல் ஜிஎஃப்எக்ஸ் 100 பத்தாயிரம் டாலருக்கு வந்தது, 2021-இல் 100எஸ் ஆறாயிரத்துக்கு, 2024-இல் 100எஸ் 2 ஐயாயிரத்துக்கு. ஏற்கெனவே எடுத்த பதினான்கையும் தூக்கிப்போட வேண்டாம். எல்லாவற்றையும் 24க்கு 32 அங்குலமாகக் குறைத்தால் உங்கள் கோப்புகளுக்கே அங்குலத்துக்கு 229 பிக்சல் வந்துவிடுகிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பெரியவரின் படத்தை 30க்கு 40-க்கு அளவு மாற்றி, கண்ணும் புருவமும் வரும் பகுதியை மட்டும் எட்டங்குலப் பட்டையாக வெட்டி, கண்காட்சிக்கு நினைத்திருக்கும் அதே தாளில் அச்சிடுங்கள். சுவரில் கண்மட்டத்தில் ஒட்டி, கேமரா பற்றி எதுவும் தெரியாத நான்கு பேரை அழைத்துவந்து, எவ்வளவு அருகில் போகிறார்கள் என்று பாருங்கள். வாடகைக் கேமராவோடு அளத்துக்குப் போனால் லென்ஸை அங்கே கழற்றாதீர்கள், கரையிலேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள். திரும்பியதும் சற்றே ஈரம் தொட்ட துணியால் உடலைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள், உப்புக் காற்றின் தழும்புக்கு முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.