ஆன்லைனில் உடல்நலப் பாடம்: முதல் வாரமே நோட்டைத் திறங்கள்

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பு படிக்கிறேன். விருப்பப் பாடமாகத் 'தனிநபர் உடல்நலமும் நல்வாழ்வும்' என்ற 3 கிரெடிட் பாடத்தை ஆன்லைனில் எடுக்க நினைக்கிறேன். 8 வாரத்தில் முடிந்துவிடும். "சாப்பாடு, தூக்கம், உடற்பயிற்சி... எல்லாம் தெரிந்த விஷயம்தானே, சுலபமாக மதிப்பெண் வாங்கிவிடலாம்" என்கிறார்கள் ஏற்கெனவே படித்தவர்கள். ஆனால் 'பழக்க மாற்றத் திட்டம்' என்ற ஒன்றுக்கு 30 சதவீத மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள். என் எடையையும் உணவையும் எழுதிக் கொடுக்க வேண்டுமோ என்று தயக்கமாக இருக்கிறது. எடுக்கலாமா? எடுத்தால் எப்படிப் படிப்பது?

பதில்: தாராளமாக எடுங்கள். சுலபமாக மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம். பாடப்புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் காதில் விழுந்த விஷயம்தான். அதனாலேயே நிறையப் பேர் முதல் மூன்று வாரங்களை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். வினாடிவினாவைப் பிறகு படித்து எழுதிவிடலாம், கட்டுரையைக் கடைசி இரண்டு நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம். ஆனால் முதல் வாரத்தில் நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பதை ஆறாவது வாரத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. இந்தப் பாடத்தில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பு என்பது பல கல்லூரிகள் பின்பற்றும் கணக்கு. 15 வாரப் பருவத்தில் 3 கிரெடிட் என்றால் மொத்தம் சுமார் 135 மணி. அதையே 8 வாரத்துக்குள் சுருக்கினால் வாரத்துக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் வருகிறது. வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன எண் இல்லை. எல்லோருக்கும் முழு 17 மணியும் தேவைப்படாது என்றாலும், வாரத்தில் 10 மணி நேரம்கூட உறுதியாக ஒதுக்க முடியாது என்றால் இதே பாடத்தின் 15 வார வடிவம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பழக்க மாற்றம் பற்றிய ஒரு பாடத்துக்கு நீண்ட பருவம்தான் நியாயமானது என்பது என் கருத்து.

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தப் பாடம் உங்கள் பட்டத்துக்குக் கணக்கில் வருமா, வந்தால் எந்தப் பிரிவில் வரும்? தேர்வு கேமரா கண்காணிப்பில் நடக்குமா? உங்கள் அசைன்மென்ட்டைத் திருத்திக் கருத்து எழுதுவது ஒரு மனிதரா, மென்பொருளா? பிற்காலத்தில் செவிலியம் அல்லது உணவியல் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், அங்கே கேட்கும் ஊட்டச்சத்துப் பாடத்துக்கு இது ஈடாகும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் ஆகாது.

சரி, அந்த 30 சதவீதத்துக்கு வருவோம்.

பழக்க மாற்றத் திட்டத்தில் நீங்கள் எத்தனை கிலோ குறைத்தீர்கள் என்று மதிப்பெண் போடுவதில்லை. தொடங்கும் முன் நிலைமை எப்படி இருந்தது, என்ன மாற்ற முயன்றீர்கள், எது தடுத்தது, எண்கள் என்ன சொல்கின்றன, பாடத்தில் படித்த கோட்பாடு அதை எப்படி விளக்குகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். இலக்கை எட்டாத மாணவர் நல்ல அலசலுக்காக முழு மதிப்பெண் வாங்கலாம். எட்டியதாகச் சொல்லும் மாணவர் வெறும் பெருமிதத்தை எழுதிப் பாதி மதிப்பெண்ணோடு நிற்கலாம். மதிப்பீட்டு விளக்கத்தாளை ஒரு முறை வாசித்தாலே இது புரிந்துவிடும்.

அதனால் தேர்ந்தெடுக்கும் பழக்கம் சின்னதாக இருக்கட்டும், நீங்களே தினமும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். எடையைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். உடலில் நீர் கூடுவதாலும் குறைவதாலும் எடை ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஆடும். 8 வாரத்துக்குள் அந்த ஆட்டத்தையும் உண்மையான மாற்றத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம். எடை ஒரு விளைவு, நேரடியாக உங்கள் கையில் இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள் என்பவை உங்கள் கையில் இருக்கும் செயல்கள்.

தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது நிபுணர்களின் பொதுவான பரிந்துரை. முதல் 7 நாள் எதையும் மாற்றாதீர்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், கைபேசியைக் கீழே வைத்த நேரம், மறுநாள் மதியம் எவ்வளவு சோர்வு என்பதற்கு 1 முதல் 5 வரை ஓர் எண். இந்த நான்கு கட்டங்கள் போதும். அதற்கு மேல் கட்டம் போட்டால் நான்காவது நாள் கை ஓய்ந்துவிடும். எட்டாம் நாள் கூட்டிப் பாருங்கள். சராசரி 5 மணி 50 நிமிடம் என்று வந்தால், "இனி நன்றாகத் தூங்குவேன்" என்று இலக்கு எழுதாதீர்கள். "வேலை நாட்கள் ஐந்தில் நான்கு நாளாவது இரவு 11 மணிக்குள் விளக்கை அணைப்பேன்" என்று எழுதுங்கள். நிறைவேறியதா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிய வேண்டும். இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை முயற்சி, ஏழில் அலசல், எட்டில் எழுதிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் மூச்சு முட்டாது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பதிவு எழுதத் தொடங்கியதுமே நம் நடத்தை கொஞ்சம் மாறிவிடும். "எழுத வேண்டுமே" என்பதற்காகவே சீக்கிரம் படுப்போம். எனவே அந்த முதல் வாரச் சராசரி உண்மை நிலையைவிடச் சற்று நன்றாகவே தெரியும். இதை உங்கள் அறிக்கையில் குறிப்பிடுங்கள். உணவுப் பதிவில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. மனிதர்கள் தாம் சாப்பிட்டதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, நினைவும் அளவுக் கணிப்பும் அப்படித்தான் வேலை செய்கின்றன.

ஒரு நாள் தவறினால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இட்டுக்கட்டி நிரப்பிய பதிவு ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். உண்மையான வாழ்க்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் குலைந்துபோகும், ஒரு ஞாயிறு தாறுமாறாக இருக்கும். கற்பனைப் பதிவில் எல்லாம் வழுவழுவென்று ஒரே சீராக ஏறும். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குலைந்த செவ்வாய்தான் உங்கள் அறிக்கையின் மிகச் சிறந்த பத்தியாக மாறக்கூடியது. அன்று என்ன நடந்தது, எது உங்களைத் தடுத்தது என்று எழுத அங்கேதான் சரக்கு இருக்கிறது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 2009இல் வெளியான பிலிப்பா லாலி குழுவினரின் லண்டன் ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் பதிய ஆன காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல்) 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசமோ மிகப் பெரிது: 18 நாளிலிருந்து 254 நாள் வரை மதிப்பிட்டார்கள். உங்கள் பாடம் 56 நாளில் முடிகிறது. ஆகவே கடைசி வாரத்திலும் உங்களை நீங்களே தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தால் அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் கண்டதுதான்.

கோட்பாடுகளில் இரண்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உளவியலாளர்கள் ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்லமென்டேயும் 1980களில், தாமாகவே புகைப்பதை விட முயன்றவர்களை ஆராய்ந்து, மாற்றத்துக்குப் படிநிலைகள் உண்டு என்றார்கள்: எண்ணமே இல்லாத நிலை, யோசிக்கும் நிலை, தயாராகும் நிலை, செயலில் இறங்கிய நிலை, தக்கவைக்கும் நிலை. திட்டம் தொடங்கும்போது நீங்கள் எந்தப் படியில் இருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதினாலும் அலசலுக்கு அடித்தளம் கிடைத்துவிடும். இன்னொன்று, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கை. "இதை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை வளர முக்கியமான வழி, சிறிதாகவாவது ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். சின்ன இலக்கை எடுங்கள் என்று மேலே சொன்னதற்கு மதிப்பெண்ணைத் தாண்டி இதுவும் ஒரு காரணம்.

வினாடிவினாவுக்கு, படித்ததையே திரும்பப் படிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு உங்களை நீங்களே கேள்வி கேட்டுக்கொள்வது நினைவில் நிற்கும். எண்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய பதிப்புகளில், உடற்பயிற்சி தொடர்ந்து 10 நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்று இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்பதுதான் இப்போதைய பரிந்துரை. மாடிப்படி ஏறிய மூன்று நிமிடமும் கணக்கில் சேரும். புத்தகமும் வழிகாட்டுதலும் முரண்பட்டால் தேர்வுக்கு முன் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். கட்டுரையில் ஆண்டைக் குறிப்பிட்டுப் புதியதை எழுதுங்கள். அதேபோல் 220லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு என்ற சூத்திரம் தோராயமானது, ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக்குறைய இருப்பது சாதாரணம். நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். இந்தச் சோதனைக்குக் கருவியே வேண்டாம்.

செய்திகளை அலசும் அசைன்மென்ட் வந்தால் முதலில் ஒன்றைத் தேடுங்கள். "ஆபத்து 50 சதவீதம் கூடுகிறது" என்றால், எதிலிருந்து எதற்கு? பத்தாயிரம் பேரில் இரண்டு பேருக்கு வந்தது மூன்று பேருக்கு வந்தாலும் அது 50 சதவீத உயர்வுதான்.

இனி உங்கள் தயக்கம். எடையை வெளிப்படுத்த விருப்பமில்லை என்றால் முதல் வாரத்திலேயே ஆசிரியருக்கு எழுதுங்கள். காரணத்தை விவரிக்க வேண்டிய அவசியம் இல்லை. "எடை, கலோரி சார்ந்த பயிற்சிக்குப் பதிலாக வேறொன்று செய்ய அனுமதி வேண்டும். தூக்கத்தை எடுத்துக்கொள்ளலாமா? மாதிரித் தரவுகளை வைத்துக் கணக்கிடலாமா?" என்ற அளவில் போதும். கடைசித் தேதிக்கு முந்தைய இரவு கேட்டால் சாக்குப்போக்கு போலத் தெரியும், முதல் வாரத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உண்ணுதல் கோளாறு (சாப்பாட்டையும் எடையையும் சுற்றிய மனநலச் சிக்கல்) முன்பு இருந்தவர்கள் கலோரி எண்ணும் பயிற்சியைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும், அது பழைய சிக்கலைக் கிளறிவிடக்கூடும். வகுப்புக் கலந்துரையாடலில் உங்கள் நோய், மருந்து, குடும்பப் பிரச்சினை எதையும் எழுத வேண்டியதில்லை. "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று பொதுவாக எழுதினால் போதும்.

உடற்பயிற்சிச் சோதனை இருந்தால், அதற்கு முன் வரும் உடல்நலக் கேள்வித்தாளை உண்மையாக நிரப்புங்கள். நெஞ்சுவலி, மயக்கம், கர்ப்பம், இதய நோய் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ரத்த அழுத்தம் அளக்கச் சொன்னால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு அளங்கள். ஒரு முறை கூடுதலாக வந்தால் பதற வேண்டாம். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேலேயே நின்றால், அசைன்மென்ட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். மனநலக் கேள்வித்தாளில் உங்கள் பதில்கள் உங்களுக்கே கவலை தந்தாலும் இதேதான். அந்த வாரப் பாடம் தாமதமானால் பரவாயில்லை, அவகாசம் கேட்டுக்கொள்ளலாம்.