பன்றியோடு நிற்பவரா, பாலனோடு நிற்பவரா? கத்தோலிக்கப் புனிதர்கள், திருத்தந்தையர் (போப்பாண்டவர்கள்) பற்றிய கேள்வி-பதில்

எங்கள் கெபிக்கு (சிறு வழிபாட்டுக் கூடு) அந்தோணியார் சுரூபம் (சிலை) கேட்டோம். கடையில் தாடி வைத்த முதியவரைக் கொடுத்தார்கள், காலடியில் ஒரு பன்றி. மாற்ற வேண்டுமா?

கெபி யாருக்கு என்பதைப் பொறுத்தது. அவர் வனத்து அந்தோணியார்: எகிப்துப் பாலைவனத் துறவி, 356-இல் இறந்தவர், திருநாள் ஜனவரி 17. பன்றி, மணி, 'டி' வடிவக் கோல் ஆகியவை அவர் அடையாளம். பொங்கலை ஒட்டி ஆடுமாடுகளை மந்திரிக்கக் கொண்டுவருவது இவரிடம்தான். கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் பதுவை அந்தோணியார்: லிஸ்பனில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவி, இறந்தது 1231 ஜூன் 13. அடக்கம் நடந்தது செவ்வாய்க்கிழமை என்பதால்தான் செவ்வாய் நவநாள் என்ற வாராந்திரச் செப வழிபாடு இவருக்கு. உங்கள் கெபியில் செவ்வாய் நவநாள் நடக்கிறதென்றால் சுரூபத்தை மாற்றிவிடுங்கள். ஜூன் 13 கொடியேற்ற நோட்டீஸில் பன்றி படம் வருவதை வருடாவருடம் பார்க்கிறோம்.

எங்கள் பங்கு ஆலயத்தில் பணியாற்றிய சாமியார் ஒருவர் புனிதமாக வாழ்ந்து இறந்தார். கல்லறையில் கூட்டம் கூடுகிறது. புனிதர் பட்டத்துக்கு முயல என்ன செய்ய வேண்டும்?

முதலில், செய்யக்கூடாதது. அவர் படத்துக்கு ஒளிவட்டம் போடாதீர்கள், பீடத்தில் வைக்காதீர்கள், 'புனித' என்று அச்சடிக்காதீர்கள், அவர் பெயரில் திருநாள் திருப்பலி வைக்காதீர்கள். திருத்தந்தை எட்டாம் உர்பான் 17-ஆம் நூற்றாண்டில் போட்ட விதி இது. திருச்சபை அனுமதிக்கும் முன் பொது வணக்கம் நடக்கவில்லை என்று விசாரணையில் உறுதி செய்தாக வேண்டும். ஆர்வக்கோளாறில் கட்டிய ஒரு பீடமே முயற்சியை முடக்கிவிடும். கல்லறையில் தனிப்பட்ட முறையில் செபிக்கலாம், பூ வைக்கலாம். ஆயர் (பிஷப்) அனுமதியோடு தனிச் செபத்துக்கான படம் அச்சிடலாம்.

இறந்து 5 ஆண்டுகள் ஆன பிறகே மனு கொடுக்க முடியும். அன்னை தெரசா, இரண்டாம் ஜான் பால் போன்றோருக்கு இந்தக் காத்திருப்பைத் திருத்தந்தையரே தளர்த்தினார்கள், அது உரிமையல்ல. மனு போக வேண்டிய இடம், பொதுவாக அவர் இறந்த மறைமாவட்டத்தின் ஆயர். பிறந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஆயரிடம் போய் நிற்பது வழக்கமான தவறு. 30 ஆண்டுகள் கடந்துவிட்டால், தாமதத்தில் சூதோ மறைப்போ இல்லை என்று ஆயர் விசாரித்த பிறகுதான் மேற்கொண்டு போகலாம்.

அந்த 5 ஆண்டுகளைச் சும்மா கழிக்காதீர்கள். நேரில் பழகியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். தேதி, இடம், கையெழுத்தோடு அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள். அவருடைய கடிதங்கள், மறையுரைக் குறிப்புகள், நாட்குறிப்புகள் அத்தனையும் சேருங்கள். பாதகமாகத் தெரியும் கடிதத்தை மறைக்காதீர்கள்; விசாரணை கேட்பது முழு மனிதரை. ஆயர் வழக்கைத் தொடங்கினால் 'இறை ஊழியர்'. பிறகு 'வணக்கத்துக்குரியவர்', 'அருளாளர்', 'புனிதர்'. நடுவில் எந்தப் படியிலும் நின்றுவிடலாம்.

தேவசகாயம் அருளாளரானபோது புதுமை (அற்புதம்) கேட்கப்படவில்லை, புனிதராகும்போது மட்டும் கேட்டார்கள். ஏன்?

மறைச்சாட்சி என்பதால். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார் என்று உறுதியானால் அருளாளர் நிலைக்குப் புதுமை தேவையில்லை. 1752 ஜனவரி 14 அன்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர். அதற்குப் பின் நிகழ்ந்த ஒரு புதுமை ஏற்கப்பட்டு, 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதரானார். இலங்கையின் யோசேப் வாஸ் அடிகளாருக்கு இரண்டாம் புதுமையையே திருத்தந்தை பிரான்சிஸ் தளர்த்தி, 2015-இல் கொழும்பில் புனிதராக்கினார்.

உங்கள் வீட்டில் அப்படிப் புதுமை ஏதும் நடந்ததாக நினைத்தால் சாட்சியம் எழுதுவதற்கு முன் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். குணமாவதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை இரண்டும் வேண்டும். மருத்துவக் குழு பார்ப்பது இதுதான்: குணம் திடீரென்று வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, மருத்துவத்தால் விளக்க முடியாததா. அந்தோணியார், வேளாங்கண்ணி மாதா, இறை ஊழியர் மூவரிடமும் ஒன்றாக வேண்டியிருந்தால் புதுமையை இறை ஊழியர் கணக்கில் சேர்ப்பது கடினம்.

என் பெயர் பிலோமினா. அவரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்கிறார்களே?

1961-இல் அவர் விழாவை வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து எடுத்தார்கள். அவரிடம் செபிப்பதற்குத் தடை போடவில்லை. மைசூர் பேராலயம் இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. சிக்கல் ஆதாரத்தில். 1802-இல் ரோமின் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. மூடியிருந்த மூன்று ஓடுகளில் 'லுமேனா', 'பாக்ஸ் தே', 'கும் ஃபி' என்ற எழுத்துகள். ஓடுகளை வரிசை மாற்றிப் படித்தால் "உனக்குச் சமாதானம், ஃபிலுமேனா". ஓடுகள் பழைய கல்லறையொன்றிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தியவை என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். அவருடைய வாழ்க்கை வரலாறாகப் பரவியது பிற்காலத் துறவி ஒருவரின் தரிசனம். பெயரை மாற்ற வேண்டியதில்லை.

ஆன்லைனில் புனிதர் திருப்பண்டம் (அவருடைய எலும்புத் துணுக்கு, உடை போன்றவை) விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் எண் விற்பனையை முற்றிலும் தடை செய்கிறது. உண்மையான திருப்பண்டத்துக்கு முத்திரையிட்ட சான்றிதழ் உண்டு, உறையின் பின்புறம் நூல் கட்டி அரக்கு வைத்திருப்பார்கள். நூல் அறுந்திருந்தால் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

திருத்தந்தையர் பட்டியலில் இருபதாம் யோவானைக் காணவில்லையே?

அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. பத்தாம் நூற்றாண்டின் பதினான்காம் யோவான் பதவியிலிருந்து இறக்கப்பட்டுச் சிறையில் மாண்டவர். ஆண்ட மாதங்களையும் சிறையில் இருந்த மாதங்களையும் தனித்தனியே குறித்திருந்ததை, பின்வந்தவர்கள் இரண்டு யோவான்களாக எண்ணிவிட்டார்கள். அந்தக் கணக்கில் 1276-இல் தேர்வானவர் 'இருபத்தொன்று' என்று வைத்துக்கொண்டார். பிழை தெரிந்த பிறகும் யாரும் எண்ணைத் திருத்தவில்லை; 1958-இல் திருத்தந்தையாகத் தேர்வான ரொன்கால்லி இருபத்து மூன்றாம் யோவான் ஆனார்.